ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்குக் காசநோய்: மரபணுவின் பங்கு எவ்வளவு?

தாத்தா காசநோயில் இறந்தார், பெரியப்பாவுக்கு நடுவயதில் வந்து குணமானது, இப்போது அண்ணனுக்கும் வந்திருக்கிறது. இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா, எனக்கும் வருமா, கல்யாணத்துக்கு முன்னால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். நோய் என்னவென்று தெரியாமல் அண்ணன் மூன்று மாதம் இருமிக்கொண்டிருந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று. உங்கள் கேள்வியின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரே வீடு, ஒரே காற்று, ஒரே கிருமி. ஒருவர் படுத்துவிடுகிறார், இன்னொருவர் அசையாமல் நிற்கிறார். இந்த வித்தியாசம் பிறப்பிலேயே வந்ததா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் நுரையீரல் மருத்துவம் படித்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காசநோயாளிகளைப் பார்த்து வருகிறேன். மரபியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ததில்லை. அந்தத் துறையில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன், அவ்வளவுதான். அந்த அளவில் நின்று சொல்கிறேன்: காசநோய் பரம்பரை நோய் கிடையாது. அது கிருமியால் வருவது. கிருமி உடலுக்குள் போகாமல் யாருக்கும் வராது. ஆனால் உள்ளே போன கிருமியை உடல் எவ்வளவு நன்றாக அடக்கி வைக்கிறது என்பதில் மரபணுக்களுக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு மிகச் சிலருக்கு மட்டும் மிகப் பெரியது. மற்ற எல்லோருக்கும் சின்னச் சின்னதாகப் பல இடங்களில் சிதறிக் கிடப்பது. இன்றைய நிலையில் ஒரு பரிசோதனையால் அளந்து சொல்ல முடியாதது.

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரும்பாலான மருத்துவர்கள் இதைக் குடும்ப வழி நோய் என்றே நம்பினார்கள். வீடு வீடாக அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று வரிசையாக இறந்ததைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் கிருமியைக் காட்டியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆனாலும் ஒரு புதிர் மிச்சமிருந்தது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமியின் தொற்று ஏற்பட்டிருக்கும் என்று இன்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். அப்படியானால் கிருமி தேவை, ஆனால் அது மட்டும் போதாது.

லூபெக் என்ற ஜெர்மன் நகரில் 1929-30இல் நடந்த கொடுமையை இந்த இடத்தில் எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். பிறந்த சில நாட்களே ஆன சுமார் 250 குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த, காசநோய்க்கான பிசிஜி தடுப்பு மருந்தில், வீரியமுள்ள காசநோய்க் கிருமி தவறுதலாகக் கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. மற்றவை பிழைத்தன, நோய் வந்து தானாகவே ஆறியவை ஏராளம், அதுவும் மருந்தே இல்லாத காலத்தில். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நானும் மாணவர்களிடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை, கொடுத்த மருந்துக்கு மருந்து கலப்படத்தின் அளவு வேறுபட்டது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். எத்தனை கிருமி உள்ளே போனது என்பதும் விதியைத் தீர்மானித்திருக்கிறது. இப்போது அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதைவிட நேரான சான்று இரட்டையர்கள். உருவம் ஒத்த இரட்டையர்களுக்கு மரபணு அப்படியே ஒன்று. மற்ற இரட்டையர்களுக்கு உடன்பிறந்தோர் அளவுதான் ஒற்றுமை. 1943இல் நியூயார்க்கில் வெளியான ஓர் ஆய்வில், ஒருவருக்குக் காசநோய் வந்தால் அவருடைய ஒத்த இரட்டையருக்கும் வந்திருந்தது 87 சதவீதம். ஒத்திராத இரட்டையரில் 26 சதவீதம். கேட்டால் மலைப்பாக இருக்கும். பிறகு பிரிட்டனில் சேகரித்த இரட்டையர் விவரங்களை 1978இல் இன்னும் கவனமாகக் கணக்கிட்டபோது அந்த எண்கள் சுருங்கின: ஒத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், ஒத்திராதவர்களில் அதில் பாதி. ஒத்த இரட்டையர்கள் ஒரே அறையில் படுத்து, ஒன்றாகவே திரிந்து, ஒருவர் மூச்சை ஒருவர் அதிகம் சுவாசிப்பவர்கள் என்பதையும் கழிக்க வேண்டும். எவ்வளவு கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது உறுதி. சர்ச்சை அதன் அளவைப் பற்றியது.

சரி, மரபணு எந்த இடத்தில் வேலை செய்கிறது? மூச்சோடு உள்ளே போகும் கிருமியை நுரையீரலின் காற்றறைகளில் காவல் நிற்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் விழுங்குகிறது. விழுங்கினாலும் கிருமி சாவதில்லை, அதற்குள்ளேயே குடியிருக்கும். அப்போது விழுங்கு செல் இன்டர்லூகின்-12 என்ற செய்திப் பொருளை வெளியிட்டு, நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களைக் கூப்பிடுகிறது. அவை இன்டர்ஃபெரான் காமா என்ற பதில் செய்தியை அனுப்புகின்றன. அது கிடைத்த பிறகுதான் விழுங்கு செல்லுக்குக் கொல்லும் வலு வருகிறது. மிச்சக் கிருமிகளைச் சுற்றிச் செல்கள் ஒரு வேலி கட்டுகின்றன; அந்த வேலி சரியாமல் பிடித்து வைப்பதில் டிஎன்எஃப் என்ற இன்னொரு பொருளுக்குப் பெரிய பங்கு. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுக்கத் தொடங்கியபோது, வருடக்கணக்காகத் தூங்கிக் கிடந்த காசநோய் சிலருக்கு விழித்துக்கொண்டதாக 2001இல் தெரியவந்தது. எச்.ஐ.வி. டி செல்களை அழிப்பதால் காசநோய் பாய்ந்து வருவதும் இதே கதைதான். கூப்பிடுவது, பதில் சொல்வது, வேலி கட்டுவது என்ற இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கிருமிக்கு வழி கிடைத்துவிடுகிறது.

சிலருக்கு அந்தக் கண்ணி பிறக்கும்போதே அறுந்திருக்கிறது. 1996இல் மால்டாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் குழந்தைகளிடமும் துனிசியாவைச் சேர்ந்த ஒரு குழந்தையிடமும் இன்டர்ஃபெரான் காமாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துனிசியக் குழந்தைக்கு எமனாக வந்தது எல்லோரும் போட்டுக்கொள்ளும் பிசிஜி தடுப்பூசி. மால்டா குழந்தைகளைத் தாக்கியது, நாம் தினமும் மண்ணிலும் தண்ணீரிலும் சந்தித்தும் ஒன்றும் ஆகாத, காசநோய்க் கிருமியின் சாதுவான சொந்தங்கள். 1998இல் இன்டர்லூகின்-12இன் ஏற்பியில் இதே போன்ற பழுது தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக இருபது மரபணுக்கள் அளவுக்குப் பட்டியல் நீண்டுவிட்டது. 2024இல் கொலம்பியாவில் மற்றபடி ஆரோக்கியமாக இருந்த இரண்டு பெரியவர்களுக்குக் காசநோய் திரும்பத் திரும்ப வந்ததை ஆராய்ந்தபோது, அவர்கள் உடலில் டிஎன்எஃப் உற்பத்தியே இல்லை என்று தெரிந்தது. அந்த இருவரும் நெருங்கிய உறவினர்கள்.

ஆகவே ஒரே மரபணு காசநோயை வரவழைக்க முடியுமா என்றால் முடியும். ஆனால் இவை மிக அபூர்வம். எந்த நோயாளியைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம் வரும் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிசிஜி போட்ட கைக்குழந்தைக்கு அந்த மருந்தின் கிருமியே உடல் முழுவதும் பரவியிருந்தால். சிறு வயதில் காசநோய் எலும்பு, கல்லீரல், நிணநீர்க் கட்டி என்று பல இடங்களுக்குப் போயிருந்தால். கூடவே சால்மொனெல்லா என்ற குடல் கிருமியின் தொற்று திரும்பத் திரும்ப வந்தால். பெற்றோர் நெருங்கிய உறவில் மணந்தவர்களாக இருந்து, மூத்த குழந்தை ஏதோ தொற்றில் ஏற்கெனவே இறந்திருந்தால். பெரியவர்களில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தும் வேறு காரணமே இல்லாமல் இரண்டு மூன்று முறை திரும்ப வந்தால். இப்படிப்பட்டவர்களை மரபணு ஆய்வு வசதியுள்ள நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சில வகைப் பழுதுகளுக்கு இன்டர்ஃபெரான் காமாவை ஊசியாகவே கொடுக்கலாம் என்பதால் தெரிந்துகொள்வதில் பலன் உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டு நிலவரம் இப்படி இல்லை. மூன்று பேரும் வளர்ந்த ஆண்கள், நடுவில் பல ஆண்டுகள் இடைவெளி, பெரியப்பா ஒரே சிகிச்சையில் குணமாகிவிட்டார்.

அபூர்வத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவில் ஒரு மரபணு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அது. டைக்-2 என்று பெயர். அதில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறியிருந்து, அந்த மாற்றம் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்து இரண்டு பிரதியாக இருந்தால், இன்டர்லூகின்-23 என்ற செய்திக்கு உடல் சரியாகப் பதில் சொல்வதில்லை. காசநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. இது 2018இல் தெரியவந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 600 பேரில் ஒருவருக்கு இப்படி இரண்டு பிரதி இருக்கிறது; மற்ற மக்களிடம் இதைவிடக் குறைவு, கிழக்காசியர்களிடம் இல்லை என்றே சொல்லலாம். ஐரோப்பியர்களின் காசநோயில் சுமார் 1 சதவீதத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது கணக்கு. பழங்கால எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவைப் பார்த்தபோது, ஐரோப்பாவில் இந்த மாற்றம் ஒரு காலத்தில் இன்னும் பரவலாக இருந்து, கடந்த 2000 ஆண்டுகளில் வேகமாகக் குறைந்திருப்பது 2021இல் தெரிந்தது. காசநோயே அதைச் சுமந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் களைந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எனக்கும் அது நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆனால் இதே மாற்றம் சோரியாசிஸ், மூட்டுவாதம் போன்ற, உடல் தன்னையே தாக்கும் நோய்களிலிருந்து காப்பாற்றுகிறது. சோரியாசிஸுக்கு டைக்-2வை மட்டுப்படுத்தும் மாத்திரையே வந்துவிட்டது. ஒரு பக்கம் கேடு செய்வது மறுபக்கம் காவல் காக்கிறது. அதனால்தான் ‘கெட்ட மரபணு’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

இனி, பெரும்பாலான மக்களிடம் இருக்கும் சாதாரண வேறுபாடுகள். நிலம் உறுதியில்லாத இடம் இதுதான். கிருமியின் துணுக்குகளை டி செல்களுக்கு எடுத்துக் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். அவற்றில் டிஆர்2 என்ற வகைக்கும் காசநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சென்னையில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் கொண்டிருந்த நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது. ஐஸ்லாந்து மக்களை வைத்து 2016இல் வந்த பெரிய ஆய்வும் எச்.எல்.ஏ. பகுதியையே சுட்டியது. ஆகவே அந்தப் பகுதிக்குப் பங்கு இருப்பதை நான் நம்புகிறேன். எந்த வகை, எந்த மக்களில் என்று கேட்டால் பதில் இடத்துக்கு இடம் மாறுகிறது. என்ராம்ப்-1 கதை வேறு மாதிரி. எலிகளில் பிசிஜி கிருமியை எதிர்க்கும் மரபணு என்று 1993இல் பிடித்தார்கள். 1998இல் காம்பியாவில் மனிதர்களிடமும் அதன் வேறுபாடுகளுக்கும் காசநோய்க்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அந்த விளைவு சிறியது, எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி தெரிவதில்லை. வைட்டமின் டி ஏற்பியின் மரபணுவைப் பற்றியும் ஆதரவாகவும் எதிராகவும் கட்டுரைகள் குவிந்தன. கடைசியில் மங்கோலியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று குறையவில்லை என்று 2020இல் முடிவு வந்தது.

பல நாடுகளின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்து 14,000க்கும் மேற்பட்ட காசநோயாளிகளின் மரபணுத்தொகுதியை முழுவதும் சல்லடை போட்டதில், எல்லா மக்களுக்கும் பொதுவாகத் தேறியது ஒரே ஓர் இடம். அதுவும் அந்த எச்.எல்.ஏ. பகுதிதான். ஆனால் அதே ஆய்வு, நோய்க்கான சாத்தியத்தில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் கால் பங்கு மரபு சார்ந்தது என்று கணக்கிடுகிறது. இதைத் தயவுசெய்து ‘எனக்கு வர 25 சதவீத வாய்ப்பு’ என்று படித்துவிடாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை விளக்கும் எண் அது. தனி மனிதரின் விதியைச் சொல்லாது. பங்கு இருக்கிறது, ஆனால் இடம் தெரியவில்லை என்ற இந்த நிலைக்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். ஆய்வில் ‘நோய் வராதவர்’ என்று சேர்த்தவர்களில் பலர் கிருமியையே சந்திக்காதவர்களாக இருக்கலாம். கிருமியிலும் பல வம்சங்கள் உண்டு. இவற்றைவிட முக்கியம் என்று நான் நினைப்பது ஒன்று: தொற்றே ஏற்படாமல் தப்புவது, தொற்றை அடக்கி வைப்பது, அடக்கியதை முதுமையில் நழுவவிடுவது ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினால் எந்த மரபணுவும் தெளிவாக வெளியே வராது.

உங்கள் அம்மா இந்தப் பெட்டியில் எங்கே இருக்கிறார்? காசநோய் மிக அதிகமுள்ள தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் கூட, ஆயுள் முழுவதும் கிருமிக்கு நடுவில் வாழ்ந்தும் தோல் பரிசோதனையில் தொற்றின் அடையாளமே காட்டாத சிலர் இருக்கிறார்கள். அந்தக் குணம் பதினோராவது குரோமோசோமின் ஒரு பகுதியோடு சேர்ந்து குடும்பத்தில் இறங்குவதாக 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. அம்மா அப்படிப்பட்டவராக இருக்கலாம். ஆனால் அதைவிட வாய்ப்பு அதிகமுள்ளது, அவருக்கும் தொற்று ஏற்பட்டு உடல் அதை அடக்கி வைத்திருக்கிறது என்பது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று இப்போதே முடிவு கட்ட முடியாது. தொற்று நோயாக மாறுவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான். அண்ணன் இருமிய அந்த மூன்று மாதம் முடிந்து இன்னும் அதிக நாள் ஆகவில்லை.

குடும்பத்தில் மூன்று பேருக்கு வந்தது எப்படி என்றால், எனக்கு முதலில் தோன்றும் விளக்கம் காற்று. தாத்தாவின் இருமலில் பெரியப்பாவுக்குச் சிறு வயதிலேயே தொற்று வந்திருக்கலாம். அது பல பத்தாண்டுகள் தூங்கிவிட்டு நடுவயதில் எழும். பெரியப்பாவிடமிருந்து அண்ணனுக்கு வந்திருக்கலாம், வெளியில் யாரிடமிருந்தோ வந்திருக்கவும் கூடும். அப்புறம், மூன்று பேருக்கும் புகைப்பழக்கம் இருந்ததா, சர்க்கரை நோய் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோய் காசநோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது, அந்தச் சர்க்கரை நோய் குடும்ப வழியில் வருவது. உங்கள் ‘ரத்தத்தில்’ ஏதாவது இருக்கிறது என்றால், காசநோய்க்கான தனி மரபணுவைவிட இந்தச் சுற்றுவழிதான் எனக்கு அதிகம் நம்பத்தக்கதாகத் தெரிகிறது.

சூழலின் வலு எவ்வளவு என்பதற்கு இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் காசநோய் மரணங்களில் பெரும்பகுதி, 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வருவதற்கு முன்பே குறைந்துவிட்டது. மூன்று நான்கு தலைமுறைகளில் ஒரு தேசத்தின் மரபணு அப்படி மாறாது. சோறும் வீடும் வேலையும்தான் மாறின. இரண்டாவது, ஜார்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப் பொருட்களைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. 2023இல் வெளியான அதன் முடிவின்படி, வீட்டாரில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஒருவருடைய மரபணுவும் மாறாமல், வெறும் சாப்பாட்டால் கிடைத்த பலன். எந்த மரபணு ஆய்வும் இதுவரை ஒரு வீட்டுக்கு இந்த அளவு நன்மை செய்ததில்லை.

ஆகவே கல்யாணத்துக்கு முன் மரபணுப் பரிசோதனை வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு காகிதம் தருவார்கள். அதை வைத்து நானோ வேறு மருத்துவரோ உங்களுக்காக எதையும் மாற்றிச் செய்ய முடியாது. அண்ணன் விஷயத்தில் மட்டும் மரபணு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அவர் சாப்பிடும் ஐசோனியசிட் மாத்திரையை உடல் எவ்வளவு வேகமாகச் செலவழிக்கும் என்பதை என்ஏடி2 என்ற மரபணு தீர்மானிக்கிறது. மெதுவாகச் செலவழிப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு சற்று அதிகம். அந்த மரபணுவைப் பார்த்து அளவை மாற்றிக் கொடுத்தால் பாதிப்பு குறைகிறது என்று ஜப்பானில் 2013இல் காட்டினார்கள். இது இன்னும் அன்றாட வழக்கத்துக்கு வரவில்லை. பசி அறவே போவது, வாந்தி, கண் மஞ்சளாவது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவராக மாத்திரையை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

கல்யாணம் என்று நீங்கள் எழுதியதற்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. அண்ணனுக்குக் காசநோய் என்ற ஒரே காரணத்தால் தங்கையின் நிச்சயதார்த்தம் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அண்ணன் மாத்திரையைவிட அந்தக் குற்ற உணர்ச்சியால்தான் அதிகம் வாடினார். அதற்கு எந்த அறிவியல் நியாயமும் இல்லை. சென்னையில் 1950களில் செய்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், நோயாளிகளில் பாதிப்பேருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப்பேருக்கு வீட்டிலேயும் சிகிச்சை கொடுத்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் என்னவென்று தெரிவதற்கு முந்தைய நாட்களிலேயே பரவிவிடுகிறது. மருந்து சரியாகக் கேட்கத் தொடங்கியதும் பரவுவது வேகமாகக் குறைகிறது. உங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு உங்கள் அண்ணனின் காசநோய் பரம்பரையாக இறங்காது.

நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாதது, உங்களில் யாருக்கு இப்போது தொற்று இருக்கிறது என்பது. அதற்கு வழி எளிது. அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்த எல்லோரும் மார்பு எக்ஸ்ரே எடுத்து, தோல் அல்லது ரத்தப் பரிசோதனை செய்து, சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும். நோய் இல்லை, தொற்று மட்டும் இருக்கிறது என்றால் தடுப்பு மாத்திரைகள் உண்டு. சில மாதங்கள் சாப்பிட்டால் நோயாக மாறும் வாய்ப்பு நன்றாகக் குறையும். அண்ணனின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற அறிக்கையையும் கையில் எடுத்துப் போங்கள், தடுப்பு மாத்திரையைத் தேர்ந்தெடுக்க அது தேவைப்படும். இந்த வாரமே போங்கள், முதலில் அம்மாவை அழைத்துக்கொண்டு.